அமாவாசைக்கு ஒரு சுற்று

கவென்ட்ரி
2 ஜூன் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நலம். பொங்கலுக்கு நான் அனுப்பிய வாழ்த்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தும் அனுப்பவில்லை. அம்மா போன அந்த வாரம், இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்று சொன்னாய். மூன்றேகால் வருஷமாகப் பண்ணவில்லை. கடிதம் எழுதாதே என்று நீ சொன்னதாக நினைவில்லை. அந்தச் சந்தில் நுழைந்துதான் இதை எழுதுகிறேன்.

ஒரு உதவி. கேட்டதும் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் முழுக்கப் படித்துவிடு.

நான் இருக்கிற பழைய கார் சங்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. எம்.ஜி. டி.சி. என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், கூரைக்குத் துணி, சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பி போட்ட உயரமான சக்கரங்கள். எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் இந்த ஊருக்குத் தெற்கே ஒரு சிறிய நகரத்தில் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். எந்த எண் வண்டி எந்த நாட்டுக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை எங்கள் ஆட்கள் தேடித்தேடிக் குறித்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. எண் 6418. 1948இல் மெட்ராஸ். கடைசித் தகவல், 1974: லிங்கராஜ், பருத்தி வியாபாரி, நாகலாபுரம்.

நம் நாகலாபுரம், சுதா.

அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயது. கோவில்பட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. நீ அம்மா இடுப்பில் இருந்தாய். லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. அது கார் என்றே எனக்குத் தோன்றவில்லை. "ஏலே, வாயை மூடு, ஈ போயிரப்போகுது" என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு நான் படித்தது, இந்த ஊருக்கு வந்தது எல்லாம் அந்தக் கேட்டடியில் தொடங்கியதுதான்.

நீ வேலை விஷயமாக அந்தப் பக்கம் போவாய் என்று தெரியும். வண்டி இருக்கிறதா, இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணன் விஜயராஜ்


கோவில்பட்டி
21 ஜூன் 2025

திரு. விஜயராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கார் தேடும் வேலைக்கு என்னை அழைக்கத் தோன்றியது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். பெற்ற தாய் கிடந்தபோது நீங்கள் தேடிப் போனது எதை என்பதை நான் மறந்துவிட்டதாக நினைத்தீர்களா?

நீங்கள் சொல்லும் தகவல் ஐம்பத்தொரு வருஷம் பழையது. அப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் இதற்குள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இருந்தாலும் மண் மாதிரி எடுக்க வியாழக்கிழமைகளில் விளாத்திகுளம் பக்கம் போகிறேன். வழியில் விசாரிப்பதில் எனக்கு நஷ்டம் இல்லை. இல்லை என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கும் ஒரு தொல்லை விடும்.

அம்மா அறையின் கூரை ஓடுகளை மாற்றியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

சுதாராணி


கோவில்பட்டி
10 ஜூலை 2025

அண்ணனுக்கு,

வண்டி இருக்கிறது.

பதில் வருவதற்குள் நானாகவே இரண்டாவது கடிதம் எழுதுகிறேன். இன்று பார்த்ததை இன்றே எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

லிங்கராஜ் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவர்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கரிசல் கோடையில் சுருங்கி மழையில் உப்பும், அதன்மேல் கட்டியது எதையும் சும்மா விடாது. பின்னால் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அதற்கு மட்டும் கல் பாவிய தரை. உள்ளே கோழிகள். ஒரு மூலையில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று நான்கு உரல்கள்மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் தரையில் படாமல் அச்சுக்குக் கீழே உரலைக் கொடுத்திருக்கிறார்கள்.

சாக்கை விலக்கினேன். கறுப்பு. நீங்கள் சொன்ன சிவப்பு இல்லை, அதனால் இது வேறு வண்டி என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு வாசனை வந்தது. வேப்பெண்ணெய். குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"மண்ணு எடுக்க வந்தவிய வண்டிய ஏன் மோந்து பாக்கீக?"

ஆவுடைத்தாய். அறுபத்தாறு வயது, வயல்காட்டு வேலைக்குப் போகிறவர். சிறு வயதில் லிங்கராஜ் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். இது என்ன பூச்சு என்று கேட்டேன். எண்ணெய் என்றார். யார் போட்டது? "நான்தான்." எப்போது? "அமாவாசைக்கு அமாவாசை. அன்னைக்குத்தான் காட்டு வேலை கெடையாதுல்லா."

1981இல் லிங்கராஜ் வைத்தியத்துக்கு மெட்ராஸ் போயிருக்கிறார். போகும்போது இவரிடம், "துருப்பிடிக்காமப் பாத்துக்கோ ஆவுடை, வந்துருதேன்" என்றாராம். அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் வடக்கே போய்விட்டார்கள். இவர் வேப்பம்பழம் பொறுக்கி, கொட்டையைக் காயவைத்து, ஆட்டி, அந்த எண்ணெயைத் துணியில் தோய்த்து இந்த வண்டிக்குப் பூசியிருக்கிறார். நாற்பத்துநாலு வருஷம். ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது அமாவாசை.

இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. கள ஆய்வில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரு அமாவாசைகூடத் தவறியதில்லையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கினார்.

"மூத்தவன் பேறுகாலத்துல ரெண்டு அமாவாச எங்க அக்கா வந்து போட்டா. பெறகு கை ஒடிஞ்சு கெடந்தப்ப ஒண்ணு. அது சும்மா போச்சு."

அப்போதுதான் நம்பினேன். பொய் சொல்கிறவர் கணக்கில் அந்த ஒன்று இருக்காது.

எண்ணெய்மேல் கரிசல் தூசி படிந்து, அதன்மேல் எண்ணெய், அதன்மேல் தூசி என்று ஏறி ஏறி இறுகியிருக்கிறது. நகத்தால் கீறினேன், இறங்கவில்லை. வேப்பெண்ணெய் இப்படி இறுகக் கூடாது. கரிசலின் களித்துகளோடு சேர்ந்து ஏதோ நடந்திருக்கிறது, என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மண்ணோடுதான் வேலை செய்கிறேன்.

எஞ்சின் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு.

எண் உள்ள தகடு கறுப்புக்குள் மூடிக் கிடக்கிறது. அடுத்த முறை பார்த்து எழுதுகிறேன்.

சுதாராணி


கவென்ட்ரி
22 ஜூலை 2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப்போய் அங்கும் படித்தேன். ஆஸ்பத்திரியில் கொதிகலன் அறை என் பொறுப்பு. உடன் வேலை செய்கிறவர் ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இந்த ஊரில் பழைய கார்களுக்காக உயிரை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். வெயில் படாத கொட்டகை, ஈரம் போகக் கருவி, விலை உயர்ந்த மெழுகு. அப்படி வைத்தும் துருப்பிடிக்கிறது. அங்கே ஒருவர் வேப்பங்கொட்டையை வைத்துக்கொண்டு நாற்பத்துநாலு வருஷம் ஜெயித்திருக்கிறார். சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். வழக்கமாக எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற இடம். அன்றைக்கு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் கேள்: தயவுசெய்து அந்தக் கறுப்பைத் துடைத்துவிடாதே. எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. வண்டிக்கு எப்போது வேண்டுமானாலும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். அந்தப் பூச்சை இன்னொரு முறை யாராலும் போட முடியாது.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: முதல் கடிதத்தில் 'திரு' போட்டிருந்தாய். இரண்டாவதில் அண்ணன் ஆகிவிட்டேன். 'நீங்கள்' மட்டும் இன்னும் குத்துகிறது.


கோவில்பட்டி
26 ஜூலை 2025

அண்ணனுக்கு,

எண் கிடைத்துவிட்டது. பித்தளைத் தகட்டில் 6418. நான்கு இலக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை, எட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதைக் கையால் அடித்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குத் தலைவலியோ, சாப்பாட்டு மணி அடித்துவிட்டதோ. அந்தச் சாய்வையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோலைச்சாமி என்று ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போயிருந்தேன். பம்புசெட், டிராக்டர் எல்லாம் பார்க்கிறவர். தகட்டைத் துடைத்ததும் அவர் சொன்னார்: "நம்பர மட்டும் தொடச்சா, பல்ல மட்டும் வெளக்கிட்டு மூஞ்சி கழுவாத மாதிரி இருக்கு மேடம். முழுசும் வெளக்கிருவோம்." எனக்கும் சரி என்று பட்டது. மண்ணெண்ணெய், கம்பி பிரஷ். மதியத்துக்குள் மூடி, முன்பக்கம், இடதுபுறம் முழுவதும் முடிந்துவிட்டது. சில இடங்களில் சிவப்பும் சேர்ந்து உரிந்து வந்தது. ஊறிப் போயிருந்திருக்கும். வலதுபுறம் மட்டும் பாக்கி.

பாக்கியை ஏன் விட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆவுடைத்தாய் களையெடுப்பு முடிந்து வந்தார். வாசலிலேயே நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. முந்தானையை விரித்துத் தரையில் உதிர்ந்து கிடந்த கறுப்புத் தூளைக் கூட்டி எடுக்கத் தொடங்கினார். சோலைச்சாமி பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"முன்னாலேயே உங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்னு தோணுதா ஆவுடைத்தாய்?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"எடுத்தது எடுத்ததாப் போச்சு. சாயந்திரம் எண்ணெ கொண்டாந்து போட்டுருதேன். அம்மணமா விட முடியுமா?"

போட்டார். நானும் கூட நின்றேன். அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கணக்கில் இல்லாத நாளில் அவர் எண்ணெய் போட்டது இதுவே முதல் தடவையாம்.

சுதாராணி


கோவில்பட்டி
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

துடைக்காதே என்று நீங்கள் எழுதிய கடிதம் இன்று வந்தது. என் கடிதம் இப்போது உங்கள் கையில் இருக்கும்.

மண்ணைத் தோண்டுமுன் மேலடுக்கைப் பதிவு செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒருவர் ஐந்நூற்றைம்பது அமாவாசை உட்கார்ந்து செய்ததை ஒரு காலைப் பொழுதில் அழித்துவிட்டேன். அவரைக் கேட்கவும் இல்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், எண்ணைப் பற்றி.



சுதா


கவென்ட்ரி
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. அன்று மாலை நடந்துவிட்டு வந்தேன், போய்விட்டது. நான் அங்கே இருந்திருந்தால் நானே சோலைச்சாமியிடம் பிரஷை வாங்கித் தேய்த்திருப்பேன். சிவப்பு தெரிய ஆரம்பித்த பிறகு என் கை நின்றிருக்குமா?

வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை.

2022 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு பண்ணையில் பழைய கார் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மலைக்குள். போனுக்குச் சிக்னல் கிடையாது என்று தெரிந்தே போனேன். முந்தின வாரம் அம்மாவுக்கு இருமல் என்று நீ சொல்லியிருந்தாய். இருமல்தானே என்று நினைத்தேன். இரண்டு நாள் வைக்கோலை விலக்கிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தேன். திரும்பி வரும்போது ஒரு மேட்டில் போன் ஒலிக்கத் தொடங்கியது. உன் அழைப்புகள் முப்பத்தேழு. முதல் அழைப்புக்கும் கடைசி அழைப்புக்கும் நடுவில் அம்மா போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் வந்து நின்றபோது நீ சொன்னதில் தப்பே இல்லை. போன் பண்ணாதே என்றாய். கோபித்துக்கொண்டு பண்ணாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. அம்மாவுக்கு நேரத்துக்கு வர முடியாதவன், நீ சொன்ன ஒன்றையாவது செய்வோம் என்று இருந்தேன்.

அந்தக் காரை நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் தேடிப் போனதும் இல்லை. இந்த 6418 ஒன்றுதான்.

போகட்டும், வேலைக்கு வருகிறேன். கதவுத் தகட்டை உள்ளேயிருந்து தட்டிப் பார். அடியில் மரம் இருக்கும். ஆமாம், மரம். இந்த வண்டிக்கு எலும்புக்கூடே மரச்சட்டம்தான், அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். அங்கே கரையான் அதை மிச்சம் வைத்திருக்காது என்றுதான் பயம். எஞ்சினும் இறுகியிருக்கும், சுற்றாது. இன்னொன்று, அதன் போல்ட்டுகளுக்கு உங்கள் ஊர் ஸ்பானர் சேராது. பழைய இங்கிலீஷ் அளவு. நான் ஒரு செட் அனுப்பும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


கோவில்பட்டி
22 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

உன் ஸ்பானர் செட் வந்தது. தேவைப்படவில்லை.

சோலைச்சாமியிடம் உன் எச்சரிக்கையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு ஒரு சாக்குப் பையை எடுத்து வந்தார். இந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஒரு காலத்தில் இங்கிலீஷ் ஆயில் எஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. அதே அளவு ஸ்பானர்கள். முதல் போல்ட்டில் வைத்துத் திருகினார், கச்சிதமாக உட்கார்ந்தது. "ஒங்க அண்ணன் கடல் தாண்டி அனுப்புதாவ, நம்ம எள்ளுக்காட்டுக் கெணத்துல கெடந்துச்சு மேடம்" என்றார். இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மரத்தைப் பார்த்தோம். கதவுத் தகட்டைக் கழற்றியபோது நான் அருகில் இருந்தேன். வெளியே இரும்பும் கண்ணாடியுமாக இருக்கிற ஒன்றுக்கு உள்ளே, கட்டில் செய்வது போல மரத்தைச் செதுக்கி, பூட்டி, திருகி வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு சுத்தமான வேலை. கரையான் தொடவில்லை. எண்ணெய் தகட்டின் இடுக்குகள் வழியாக இறங்கி மரத்துக்குள் ஊறியிருக்கிறது. ஆவுடைத்தாய் வெளியே பூசியது உள்ளே இருந்ததைக் காப்பாற்றியிருக்கிறது, உள்ளே மரம் இருப்பது அவருக்கே தெரியாது. காட்டியபோது ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு எண்ணெ குடிச்ச?" என்று வண்டியைக் கேட்டார்.

இருக்கைக்குக் கீழே ஒரு கட்டை மட்டும் போயிருந்தது. சோலைச்சாமி கருவேலத்தில் செய்து மாட்டிவிட்டார். "கலப்பைக்குத் தாங்குதது காருக்குத் தாங்காதா?" உன் சங்கத்தார் முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

எஞ்சின் இறுகியிருக்கும், சுற்றாது என்று எழுதியிருந்தாயே. சோலைச்சாமியும் அப்படித்தான் நினைத்தார். முன்பக்கம் கைப்பிடி மாட்டும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆவுடைத்தாய் சுவரோரம் போய் ஒரு இரும்புக் கைப்பிடியை எடுத்து வந்து, மாட்டி, ஒரு சுற்று சுற்றினார். எஞ்சின் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். சுற்றியது, அண்ணா.

"எண்ணெ போட்டு முடிச்சதும் இத ஒரு சுத்து சுத்தணும்னு சொல்லிட்டுப் போனாவ. அமாவாசைக்கு ஒரு சுத்து."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம். எண்ணெயைப் பற்றித்தான் கேட்டேனாம்.

சோலைச்சாமி கீழே உட்கார்ந்துவிட்டார். நான் எளிதில் வியக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கைப்பிடியில் பிடிக்கிற இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இரும்பு தேயும் அளவுக்கு.

கடைசியில் கேட்டேன்: "லிங்கராஜ் இறந்துபோனது தெரியும்தானே?"

"தெரியும். அந்த வருசமே தாக்கல் வந்துட்டு."

"பிறகு எதற்காக இத்தனை வருஷம்?"

என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்கிற பார்வை.

"வேண்டாம்னு யாரும் சொல்லலையேம்மா."

சென்னையில் லிங்கராஜின் பேத்தி ஐஸ்வர்யாவிடம் பேசினேன். தாத்தாவிடம் கார் இருந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆவுடைத்தாய் யாரிடம் கொடுக்கச் சொல்கிறாரோ அவரிடமே கொடுத்துவிடுங்கள் என்று எழுதித் தந்துவிட்டாள். நல்ல பெண்.

ஒரு கடலைமிட்டாய் டப்பா தனியாக வருகிறது. ஆசைப்படாதே, உள்ளே இருப்பது உன் வண்டி எஞ்சினிலிருந்து எடுத்த பழைய கேஸ்கட் அட்டைகள். அதே அளவில் புதிதாக வேண்டும். கார்புரேட்டர் சாமான்களும் அனுப்பு.

ஸ்காட்லாந்து பற்றி எழுதியதைப் படித்தேன். அதற்கு இன்னும் என்னால் பதில் எழுத முடியவில்லை.

சுதா


கவென்ட்ரி
9 அக்டோபர் 2025

அன்புள்ள சுதாவுக்கு,

சாமான்கள் நேற்றுத் தபாலில் போய்விட்டன. எது எங்கே என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன், சோலைச்சாமி சிரிக்காமல் இருக்கட்டும். கருவேலத்தைப் பற்றிச் சங்கத்தில் சொன்னேன். கலப்பை என்றால் என்ன என்று விளக்கத்தான் நேரம் ஆனது. முகம் யாரும் சுளிக்கவில்லை.

ஆவுடைத்தாய் சொன்ன அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நீ கேஸ்கட் அனுப்பிய டப்பாவின் மூலையில் ஒரு துண்டு கடலைமிட்டாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் வாசனையோடு தின்றுவிட்டேன்.

ஜனவரியில் எனக்கு மூன்று வாரம் லீவு இருக்கிறது. வரலாமா? வண்டிக்காக என்று நினைத்தால் வண்டிக்காக என்று வைத்துக்கொள். நீ வேண்டாம் என்றால் வர மாட்டேன், அதையும் எழுதிவிடு.

அன்புடன்,
அண்ணன்


கோவில்பட்டி
22 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். சொல்வதற்கு ஒன்று வேண்டும் என்று காத்திருந்தேன். முந்தாநாள் அமாவாசை.

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. நாகலாபுரத்துத் தெரு முழுக்கக் களி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். காலில் அப்பிய கரிசலோடு கிட்டங்கிக்குள் நுழைந்தால் சோலைச்சாமி பெட்ரோல் ஊற்றி, பாட்டரி மாட்டி எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஆவுடைத்தாய் வழக்கம்போல எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் துடைத்த இடத்தில் புதிதாக ஒரு கறுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது, சிவப்பு அதனடியில் மங்கலாகத் தெரிகிறது. வலதுபுறம் பழையபடியே. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். உன்னைக் கேட்கவில்லை.

கைப்பிடியைச் சோலைச்சாமி வாங்கப் போனார். ஆவுடைத்தாய் கொடுக்கவில்லை. "ஏலே சோல, தள்ளி நில்லு. இன்னைக்கு அமாவாச, என் வேல." மாட்டினார். ஒரு சுற்று சுற்றினார்.

ஐந்நூறு முறைக்கு மேல் அவர் அதைச் சுற்றியிருக்கிறார், ஒருமுறையும் அது பதில் சொன்னதில்லை. இந்த முறை சொல்லிவிட்டது.

அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. முதலில் இருமியது. கோழிகள் பறந்தன. பின்னால் நீலப் புகை. பிறகு தானாகவே ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கல் தரை என் கால்களின்கீழ் நடுங்கியது. பயிர்களைப் பற்றி, மழையைப் பற்றி, மனிதர்களைப் பற்றி எனக்கிருக்கிற சந்தேகங்களில் ஒன்றுகூட அந்த நிமிஷம் என்னிடம் இல்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் ஈ கதையை எனக்கும் சொல்லியிருப்பாள்.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. சத்தம் வந்ததும் ஆவுடைத்தாய் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பயந்துவிட்டார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் மழையில் முற்றத்தைத் தாண்டிப் போய், வாசல் பெரிய கதவின் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். லிங்கராஜ் வண்டி வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது அவர் வேலையாம். இருபத்திரண்டு வயதில் பார்த்த வேலை. கால் அதை மறக்கவில்லை.

தெருவில் யாரும் இல்லை. மழை மட்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியின் நெற்றியில் கை வைத்தார்.

"சுடுதும்மா" என்றார். அழவில்லை. எனக்குத்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

வண்டியை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன். வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பையனுக்கு என்று யோசிக்காமல் சொன்னார். கேட்டடிக் கதையை நான் சொல்லியிருந்தேன். "சரி ஆவுடைத்தாய், இனிமேல் நீங்கள் எண்ணெய் போட வேண்டாம்" என்றேன்.

"அத நீங்க சொன்னா எப்படி? வண்டிக்காரவிய சொல்லணும்."

இனி வண்டிக்காரர் நீ. ஜனவரிக்குள் ஒரு அமாவாசை வருகிறது. அதற்கு முன்னால் அவருக்கு உன் வாயால் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறாயா, தொடர்ந்து போடுங்கள் என்று சொல்லப்போகிறாயா, அது உன் பாடு. ஆனால் அவரைக் காத்திருக்க விடக் கூடாது.

வீட்டுக்கு வந்து அம்மா அறையில் உட்கார்ந்து உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். நான் ஒரு நாள் கோபத்தில் சொன்னதை நீ மூன்றே முக்கால் வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாய். நான் முப்பத்தேழு முறை கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை என்பதைத்தான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடாமல் இருந்த நாட்களை எண்ணவில்லை. சொன்னது நான். போதும் என்று சொல்லவும் வேறு யாரும் வர மாட்டார்கள்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. இங்கே சாயங்காலம் நாலு மணி, உனக்குக் காலை பத்தரை. நாகலாபுரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். போன் பண்ணு. எடுப்பேன். ஆவுடைத்தாயிடம் நீ பேசிய பிறகு நாம் பேசலாம்.

ஜனவரியில் வா. தை பிறந்தால் தெருக் களி காய்ந்துவிடும், வண்டியை வெளியே எடுக்கலாம். பெரிய கதவைத் திறக்க ஆள் இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உன் தங்கை சுதா

பி.கு.: போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசு. அவருக்கு வலது காது கேட்காது.